நிற்பதும் ஒரு வேலைதான்

"அங்கிள், சும்மா நின்னு சுட்டா எல்லாம் ஒரே இடத்துல விழுது. ரெண்டு கிலோமீட்டர் ஓடிட்டு வந்து சுட்டா ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க. கைகூட நடுங்கல. அப்புறம் ஏன்?"

கேட்டவன் வார இறுதிகளில் வத்தானியா தொண்டூழியப் படைப் பயிற்சிக்குப் போகும் தோட்டத்துப் பையன். இடம், நெகிரி செம்பிலானில் ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்து முகப்பில் இருக்கும் சாப்பாட்டுக் கடை. ஒரு தே தாரிக்கின் நுரை அடங்குவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் அவனுக்கு இரண்டாவது கிளாஸ் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். அன்று விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

"கைகூட நடுங்கல" என்றானே, முடிச்சு அங்கேதான் இருக்கிறது. துப்பாக்கி கையில் இருப்பதால் களைப்பையும் கையிலேயே தேடுகிறோம். ஆனால் நின்றுகொண்டு சுடுகிறவர் செய்யும் வேலையில் பெரும்பங்கு நிற்பது. விசையை அழுத்துவது கடைசி ஒரு நொடிச் சமாச்சாரம். நிற்பதை யாரும் வேலையாகக் கணக்கில் எடுப்பதில்லை. விடியற்காலை பிரட்டில் வரிசையாக நின்ற நம் தாத்தா பாட்டிகளைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள்.

நேராக நிற்கும்போது உடம்பின் பாரம் கணுக்கால் மூட்டுக்குச் சற்று முன்னால் இறங்குகிறது. விட்டுவிட்டால் முன்பக்கம் சாய்ந்துவிடுவோம். சாயவிடாமல் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்திருப்பது கெண்டைக்கால் தசை. துடைப்பத்தைத் தலைகீழாக உள்ளங்கையில் நிறுத்தி விளையாடியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்: துடைப்பம் ஒரு கணமும் அசையாமல் நிற்காது, அது சாயச் சாயக் கை நகர்ந்து திருத்திக்கொண்டே இருக்கும். நாமும் அப்படித்தான் நிற்கிறோம். சிலை மாதிரி நிற்கிறான் என்று யாரைச் சொன்னாலும், அளக்கும் மேடையில் ஏற்றிப் பார்த்தால் அவன் ஆடிக்கொண்டிருப்பான்.

எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று மூளைக்குச் சேதி கொண்டுவருகிறவை மூன்று. கண் ஒன்று. உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று. பாதத்திலும் மூட்டுகளிலும் தசைகளிலும் பதிந்திருக்கும் உணர்வு நரம்புகள் மூன்றாவது. குறி பார்க்கிறவன் தன் கண்ணைத் துப்பாக்கிக்குக் கொடுத்துவிடுகிறான். நிற்பதற்கு உதவ அது அவ்வளவாக மிச்சமில்லை. ஆகவே அவன் மற்ற இரண்டையும் நம்பித்தான் நிற்கிறான். ஓடிக் களைத்த கால் என்ன செய்கிறது என்றால், அந்த மூன்றாவது சேதியைக் கலங்கடிக்கிறது. களைத்த தசை தன் நீளத்தையும் மூட்டின் வளைவையும் துல்லியமாகச் சொல்வதில்லை. சாய்வு கொஞ்சம் பெரிதான பிறகே மூளைக்குத் தெரிகிறது. தெரிந்தபின் திருத்தமும் தாமதமாக, கொஞ்சம் அதிகமாக வருகிறது. இப்படி ஒவ்வொரு ஆட்டமும் முன்பைவிட அகலமாகிறது.

களைப்பு முதலில் பலத்தைத்தான் எடுக்கிறது என்பது பொது நம்பிக்கை. பையனிடம் பலம் நிறையவே இருந்தது. அவனிடம் குறைந்திருந்தது, தான் எங்கே எப்படி நிற்கிறோம் என்கிற தகவல். அதனால்தான் அவனுக்கே எதுவும் தெரியவில்லை. இந்தப் பத்தியில் நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

கணக்குப் போட்டால் விபரீதம் புரியும். துப்பாக்கியின் பின்முனை தோளில் பதிந்திருக்கிறது, முன்முனை ஏறக்குறைய 1 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். தோள் அப்படியே இருக்க, முன்முனை மட்டும் 1 மில்லிமீட்டர் திரும்பினால் 100 மீட்டர் தூரத்தில் குறி 10 சென்டிமீட்டர் தவறும். ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இன்னும் கொடுமை. அட்டையின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளியின் குறுக்களவு வெறும் 0.5 மில்லிமீட்டர். குண்டு 4.5 மில்லிமீட்டர். குண்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து என்பதால், நடுவிலிருந்து 2.5 மில்லிமீட்டர் வரை விலகலாம். அப்படிச் சலுகை கொடுத்த பிறகும் துப்பாக்கியின் முன்முனைக்குக் கிடைக்கும் இடம் கால் மில்லிமீட்டர்தான். 5.5 கிலோ வரை எடையுள்ள துப்பாக்கியைத் தூக்கி, 75 நிமிடத்துக்குள், 60 முறை இதைச் செய்ய வேண்டும். முறைக்கு 5 கிலோ என்றால் மொத்தம் 300 கிலோ தூக்கியாகிறது. தொடக்கத்தில் சோதனைக்குச் சுடுவதும், சரியில்லை என்று சுடாமலே இறக்கி வைப்பதும் இதில் சேரவில்லை.

உடம்பு கால் மில்லிமீட்டருக்கும் மேலாகவே ஆடுகிறது, அப்புறம் எப்படி யாராவது பத்து வாங்குகிறார்கள் என்று பையன் கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். உடம்பு முழுதும் ஒரே கட்டையாக அசைந்தால் துப்பாக்கியும் கூடவே நகருமே தவிர, அது பார்க்கும் திசை அதிகம் திரும்பாது. 2 மில்லிமீட்டர் நகர்ந்தால் குறியும் 2 மில்லிமீட்டர் நகரும், தூரத்தால் பெருகாது. இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம் என்று துண்டு துண்டாக அசையும்போதுதான் முன்முனை திரும்பிவிடுகிறது. நல்ல சுடுநர்கள் புதியவர்களைவிடக் குறைவாக ஆடுகிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் பலமுறை அளந்திருக்கிறார்கள். அவர்கள் அணியும் விறைப்பான மேற்சட்டையும் கால்சட்டையும் தட்டையான காலணியும் இந்தக் கட்டைத்தனத்துக்காகத்தான். அளவு மீறிவிடக் கூடாதென்று துணியின் தடிப்புக்கே விதி வைத்திருக்கிறார்கள்.

நின்று சுடும் நிலையைப் பக்கவாட்டில் பாருங்கள். வலக்கைக்காரர் இலக்குக்கு இடப்பக்கத்தைக் காட்டி நிற்பார். இடுப்பு எலும்பு சற்று முன்னே தள்ளியிருக்கும். துப்பாக்கியைத் தாங்கும் இடக்கையின் முழங்கை அந்த எலும்பின் மேலோ விலாவின் மேலோ உட்கார்ந்திருக்கும். பார்ப்பதற்கு வளைந்து சோம்பலாக நிற்பது போலத் தோன்றும். உண்மையில் துப்பாக்கியின் எடை முன்கை எலும்பு வழியாக இடுப்புக்கும், இடுப்பிலிருந்து தொடை எலும்பு வழியாகத் தரைக்கும் இறங்குகிறது. எலும்பு களைப்பதில்லை. தசைக்கு எவ்வளவு குறைவாக வேலை கொடுக்கிறோமோ அவ்வளவு நேரம் நிலை கெடாமல் இருக்கும்.

கெடுவது எப்படி என்றால், சத்தமில்லாமல். முதல் இருபது முப்பது குண்டுகளுக்குப் பிறகு முழங்கை எலும்பை விட்டு ஒரு விரற்கடை நழுவியிருக்கும். பாரம் இப்போது தோள் தசைக்குப் போய்விட்டது. துப்பாக்கி தானாக நிற்கும் இடம் இலக்கை விட்டு விலகியிருக்கும். சுடுநர் அதை உணராமல் கையால் தள்ளி இலக்குக்குக் கொண்டுவருவார். தள்ளிப் பிடித்திருக்கும் தசை இன்னும் வேகமாகக் களைக்கும், நிலை இன்னும் நழுவும். வட்டிக்கு வட்டி ஏறும் கடன் இது.

களைத்த தசை நடுங்குவதற்கும் காரணம் உண்டு. ஒரு தசைக்குள் ஆயிரக்கணக்கான இழைகள் முறை வைத்து வேலை செய்கின்றன. சில இழுக்கும்போது சில ஓய்ந்திருக்கும், அதனால் இழுவை சீராக இருக்கிறது. களைப்பு ஏற ஏற, ஓய்ந்திருக்க வேண்டியவையும் வேலைக்கு வந்துவிடுகின்றன. பல இழைகள் ஒரே நேரத்தில் சுண்டி இழுக்க, இழுவை அலையாக வருகிறது. கடையிலேயே செய்து பார்க்கலாம்: தேநீர்க் கிளாஸை நீட்டிய கையில் தோள் உயரத்துக்குப் பிடித்துக்கொண்டு இருங்கள். சிறிது நேரத்தில் தேநீரின் மேல்பரப்பு சொல்லிவிடும். இதில் பெரிய பாரம் கிளாஸ் அல்ல, கைதான். ஒரு முழுக் கை உடம்பின் எடையில் ஏறக்குறைய 20இல் ஒரு பங்கு. பிஸ்டல் போட்டிக்காரர்கள் கையை நீட்டி வைத்திருக்கும் வேதனை இதிலிருந்து தெரியும்.

பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பால்மரத்தில் தொடங்கி, மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகு குலை வெட்டப் போனவர். "மத்தியானத்துக்கு மேல அண்ணாந்து பார்த்தா கண்ணு சுத்தும் தம்பி. கம்பம் எங்க நிக்குதுன்னே தெரியாது" என்றார். துப்பாக்கியைத் தொட்டதில்லை, ஆனால் பாடத்தை முழுக்கச் சொல்லிவிட்டார்.

குலை வெட்டும் வேலையை யோசித்துப் பாருங்கள். வளர்ந்த செம்பனை 10 மீட்டருக்கு மேல் போகும். நீண்ட அலுமினியக் கம்பத்தின் நுனியில் அரிவாள். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மேலே நிறுத்தி, கம்பத்தின் நுனியைக் குலையின் காம்பில் மாட்டி இழுக்க வேண்டும். விழும் குலை 20 கிலோவைத் தாண்டலாம், அது விழும் இடத்தில் நாம் இருக்கக் கூடாது. தலையை அப்படிப் பின்னால் சாய்த்தாலே உள்காதின் சமநிலை உறுப்பு தனக்கு வசதியான நிலையை இழக்கிறது. கழுத்துத் தசைகளும் உடம்பின் நிலையைப் பற்றி மூளைக்குச் சேதி அனுப்புகிறவை. அவை களைத்தால் நிற்பதே தள்ளாடும். கண் மேலே, காது குழப்பத்தில், கழுத்தும் காலும் சோர்வில் என்றால் மூன்று சேதிகளும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகின்றன. பெரியவருக்குக் கண் சுற்றியதில் வியப்பில்லை. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கிய 'சந்தாஸ்' என்கிற மோட்டார் அரிவாள் இப்போது பல தோட்டங்களில் இருக்கிறது. இழுக்கும் பலம் அதில் குறைவாகவே தேவை, ஆனால் கழுத்தை அண்ணாந்துதான் ஆக வேண்டும்.

பால்வெட்டிலும் இதே கதை உண்டு. பட்டையை மில்லிமீட்டர் கணக்கில் சீவ வேண்டும், ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மண்டோரிடம் திட்டு. பழகிய கை உளியை மரத்தைச் சுற்றி நீட்டாது. கால் நகர்ந்து உடம்பே மரத்தைச் சுற்றி வரும். நிரையின் கடைசி மரங்களில் காயம் கூடுவது கால் நகர மறுத்து, கை எட்டிப் பிடிக்கப் பார்ப்பதால்தான் என்று நினைக்கிறேன்.

நம் தோட்டங்கள் துப்பாக்கியையும் அறியாதவை அல்ல. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் தோட்டங்களைக் காவல் காத்தார்கள். அவர்களின் களைப்பு ஓடி வந்த களைப்பாக இருந்திருக்காது. நின்று நின்று வந்த களைப்பு. அது வேறு ரகம். அசையாமல் நிற்கும்போது இரத்தம் கால்களில் தேங்குகிறது, கெண்டைக்கால் ஓய்வே இல்லாமல் இறுகியிருக்கிறது, நம் வெயிலில் வியர்வையாக நீரும் போகிறது. மூச்சு வாங்காது என்பதால் களைத்திருக்கிறோம் என்பதே தெரியாது. போட்டிச் சுடுநர்களைப் பிடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம்.

ஓடி வந்த களைப்புக்கு உலகத்திலேயே நல்ல சோதனைக்கூடம் பயத்லான். பனிச்சறுக்கில் இதயம் படபடக்க வந்து, 50 மீட்டர் தூரத்தில் ஐந்து இலக்குகளைச் சுட வேண்டும். படுத்தும் சுட வேண்டும், நின்றும் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது இலக்கின் குறுக்களவு 45 மில்லிமீட்டர், நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர். விதி எழுதியவர்களே நிற்பதற்கு இரண்டரை மடங்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பயத்லான் வீரர்களை வெவ்வேறு வேகத்தில் உழைக்கவைத்துச் சுடச் சொன்ன ஓர் ஆய்வு 1992இல் வெளியானது. படுத்துச் சுடுவதை உழைப்பு அதிகம் பாதிக்கவில்லை. நின்று சுடுவதைத் தெளிவாகப் பாதித்தது. அதே இதயம், அதே மூச்சு, அதே கை. படுத்திருப்பவனுக்குக் கணுக்கால் தேவையில்லை, பெரிய வித்தியாசம் அதுதான். பையன் இதைக் கேட்டதும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

மூச்சையும் இதயத்தையும் பற்றி ஒரு வார்த்தை. துப்பாக்கி மார்போடு சேர்ந்திருப்பதால் மூச்சு இழுக்கும்போது முன்முனை கீழே போகும், விடும்போது மேலே வரும். அதனால்தான் பாதி மூச்சை விட்டு நிறுத்திச் சுடச் சொல்கிறார்கள். ஓடி வந்தவனுக்கு அப்படி நிறுத்தக் கிடைக்கும் நேரம் குறைவு. கட்டாயப்படுத்தி நிறுத்தினால் பார்வையும் மங்கும், நடுக்கமும் கூடும். இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் துப்பாக்கியைத் தட்டுகிறது என்பதும் உண்மை.

உடம்பின் பாரமே இடம் மாறினால் என்ன ஆகும்? நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 2012 ஜூலை 28, லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் மலேசியாவின் நூர் சூரியானி முகமது தாய்பி எட்டு மாதக் கர்ப்பத்தோடு நின்று சுட்டார். வயிறு முன்னே வரும்போது உடம்பின் பாரமும் முன்னே போகிறது, கெண்டைக்காலுக்கும் இடுப்புக்கும் வேலை கூடுகிறது, முழங்கை உட்கார்ந்து பழகிய இடமே மாறிவிடுகிறது. மாதாமாதம் மாறும் உடம்புக்கு மாதாமாதம் புதிதாக நிற்கக் கற்றிருக்க வேண்டும். 56 பேரில் 34ஆவதாக வந்தார். நம் பத்திரிகைகள் அதைத் தாய்மையின் கதையாக எழுதி நெகிழ்ந்தன. எனக்கு அது முதலில் கணுக்காலின் கதை.

தமிழ்ப் பெயர் ஒன்றும் சொல்லத்தான் வேண்டும். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் இதே பிரிவில், பத்துக்கு மேலும் தசமப் புள்ளி தரும் கணக்கில், 630.7 புள்ளிகள் எடுத்துப் பத்தாவதாக வந்தார். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. ஐந்தாவதாக நுழைந்த சக இந்திய வீராங்கனை ரமிதாவுக்கும் அவருக்கும் இடைவெளி 60 குண்டுகளில் மொத்தம் 0.8. கடைசிப் பத்துக் குண்டுகளில்தான் அவர் சரிந்தார். அது களைப்பா, பதற்றமா என்று வெளியிலிருந்து யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. முழங்கை ஒரு விரற்கடை நழுவுவதற்கு 0.8 எவ்வளவு சின்ன விலை என்பதை மட்டும் கவனியுங்கள்.

சரி, பையன் என்ன செய்ய வேண்டும்? ஓட்டத்துக்குப் பிறகு நிலை மீள்வதற்குப் பொதுவாகப் பத்து இருபது நிமிடம் ஆகும். பட்டாளத்தில் அவ்வளவு நேரம் யாரும் தரமாட்டார்கள். கிடைக்கும் சில நொடிகளைக் கையில் செலவழிக்காமல் காலில் செலவழிக்கலாம். பாதம் தரையில் முழுக்கப் பதிந்திருக்கிறதா, எடை இரண்டு காலிலும் இறங்கியிருக்கிறதா என்று கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு வர வேண்டும். பிறகு குறி பார்த்து, கண்ணை மூடி, ஒரு மூச்சு விட்டு, திறந்து பார்க்க வேண்டும். துப்பாக்கி இலக்கை விட்டு விலகி நின்றால் கையால் தள்ளாமல் பின்காலை ஓர் அங்குலம் நகர்த்தி உடம்போடு திருப்ப வேண்டும். எட்டு நொடியைத் தாண்டியும் குறி அடங்கவில்லை என்றால் சுடாமல் இறக்கிவிடுவது நல்லது. இறக்கி வைக்க மனசு வருவதுதான் கஷ்டம். பயிற்சியாளர்கள் தொண்டை வற்றக் கத்துவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

பயிற்சிக்குத் துப்பாக்கி தேவையில்லை. நம் சட்டத்தில் ஏர் ரைஃபிளுக்கும் உரிமம் வேண்டும், அந்தப் பக்கம் விளையாட்டாகக்கூடப் போகாதீர்கள். கடையில் கிடைக்கும் லேசர் பாயின்டரை ஒரு கம்பின் நுனியில் கட்டுங்கள். 10 மீட்டர் தள்ளி, யாரும் நடமாடாத சுவரில் காசளவு வட்டம் வரையுங்கள். பக்கவாட்டில் நின்று, கம்பைத் தோளில் பதித்து, சிவப்புப் புள்ளியை வட்டத்துக்குள் வையுங்கள். ஒருவர் பக்கத்தில் நின்று கைப்பேசியில் படம் பிடிக்கட்டும். பிறகு திடலை நாலு சுற்று ஓடிவிட்டு வந்து அதையே செய்யுங்கள். இரண்டு படங்களையும் மெதுவாக ஓட்டிப் பார்த்தால், புள்ளி மேலும் கீழும் போனால் அது மூச்சு. பொடிப்பொடியாக அதிர்ந்தால் தோளும் கையும். இடமும் வலமுமாக மெல்ல அலைந்தால் அது கால்: பக்கவாட்டில் நிற்கிறவனின் முன்பின் ஆட்டம் சுவரில் இடவல ஆட்டமாகத்தான் விழும். பையன் "ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க" என்று கையால் காட்டியபோது அவன் கை போனது இடமும் வலமுமாகத்தான்.